சார்ஜ் கொடுக்காமல் போனவன்

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே, மங்கலான பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற மட்டம். டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டோம். அந்தக் கோடு எப்படியோ மேலே வந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருந்து போனவை: ஃபிரிட்ஜ், அம்மாவின் தையல் மிஷின், அப்பாவின் நோட்டுப் புத்தகங்களில் பாதி, ஒரு பழைய கணினி. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் என் சாவி இருந்தது.

பீரோ சாவி இல்லை. ஒரு மென்பொருளை நான்தான் அனுப்பினேன், வேறு யாரும் என் பெயரில் அனுப்பவில்லை என்று உலகத்துக்கு நிரூபிக்கிற ரகசியச் சாவி. சில ஆண்டுகள் டெபியன் லினக்ஸில் ஒரு சின்ன நிரலை நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. கேட்பதற்கு மேனேஜர் கிடையாது. ஒருநாள் நிறுத்திவிட்டேன். பதினோரு வருடம் கழித்துத் திரும்பப் போனேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த நிரலின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. யுபிஎஸ்ஸையும் கணினியையும் ஒரு சீரியல் கேபிள் இணைக்கும். கரண்ட் போனால் யுபிஎஸ் அந்தக் கேபிளில் ஒரு சைகை கொடுக்கும். பேட்டரி தீரப்போகிறது என்றால் இன்னொரு சைகை. நிரல் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடும். இரண்டாவது சைகை வந்ததும், திறந்திருக்கும் கோப்புகளை ஒழுங்காக மூடி, கணினியை அணைத்துவிடும். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ நடக்காவிட்டால் டிஸ்க்கில் இருப்பது கெட்டுப்போகும். 2007-இல் முடிச்சூரில் வாழ்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மழை வருகிற மாதிரி மேகம் கறுத்தாலே எங்கள் ஏரியாவில் கரண்ட் போய்விடும்.

*

நான் இதற்குள் வந்தது 2005-இல். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், கலாமும் சுஜாதாவும் படித்த அதே வளாகத்தில், ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கேதான் அந்த வருடம் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், அங்கு பழக்கமான ஒரு அண்ணனோடு சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஐ.ஐ.டி.யில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ். திரும்பும்போது பையில் டெபியன் சிடிக்கள் இருந்தன. அந்த ஜூன் மாதம் வெளிவந்த பதிப்பு. டெபியன்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயரை வைப்பார்கள். அதற்கு வைத்த பெயர் சார்ஜ்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அப்பா தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஷிப்ட் முடியும்போது, எந்த வண்டியில் எந்த வேலை முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பெயர் சார்ஜ் கொடுப்பது. அடுத்த ஆள் வராவிட்டால் அப்பா வீட்டுக்கு வர மாட்டார். பத்து மணிக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் ஸ்டேஷன் பக்கம் போன நாட்கள் உண்டு.

2004 ஜூலையில் கடற்கரை – தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. 1931-இல் தொடங்கிய ஓட்டம். அப்பாவின் வேலைக்காலம் முழுக்க அந்த வண்டிகளோடுதான். அதைப் பற்றிப் பேப்பரில் வந்ததைப் படித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “ஓடுற வரைக்கும் வண்டியப் பத்தி எவனும் பேச மாட்டான்டா. நின்னாத்தான் பேர் சொல்லிக் கேப்பான்.”

டெபியனைப் பற்றி அவருக்கு ஒருமுறை விளக்கினேன். 1993-இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது. பல நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள், ஆளுக்குச் சில நிரல்களைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறார்கள். இங்கே சென்னையில் சி-டாக் உருவாக்குகிற பாஸ் லினக்ஸுக்கும் அடிப்படை அதுதான். நான் பார்த்துக்கொள்வது ஒரேயொரு நிரல். அப்பா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“நீ இல்லாதப்ப யாரு பாப்பா?”

“யாராவது பாப்பாங்கப்பா.”

“யாராவதுன்னு ஒரு ஆளு கிடையாதுடா. லீவு போடு, வேணாங்கல. சார்ஜ் குடுக்காம போகாத.”

*

2012 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. அலுவலகம், மருத்துவமனை, பிசியோதெரபி, புதிதாகப் பிறந்திருந்த மகள். நான் காரணங்களை அடுக்கவில்லை. இவை காரணங்கள்தான், நியாயமானவையும்கூட. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் டெபியனில் ஒரு பொறுப்பை விட்டுவிடுவதற்கு ஒரே ஒரு மெயில் போதும். ‘இதை எடுத்துக்கொள்ள ஆள் தேவை’ என்று அனுப்பலாம். ‘அனாதையாக விடுகிறேன்’ என்றுகூட அனுப்பலாம். அந்தச் சொல்லையேதான் அங்கே பயன்படுத்துகிறார்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரம் திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே அதை நான் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் வரவில்லை. மெயில்கள் வந்தன. முதலில் பிழை அறிக்கைகள். பிறகு, காணாமல் போன பராமரிப்பாளர்களைத் தேடுவதற்கென்றே டெபியனில் இருக்கிற குழுவிடமிருந்து ஒரு மெயில், மரியாதையாக, நலமா என்று கேட்டு. சில மாதம் கழித்து இன்னொன்று. எதையும் திறக்காமல் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினேன். பதில் சொல்லாத மெயிலுக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. முதல் நாள் அது வேலை. பத்தாவது நாள் அது கடன். நூறாவது நாள் அதன் பெயரைப் பார்த்தாலே வயிற்றில் என்னவோ செய்யும்.

2014-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். 2015 ஜனவரி 1 அன்று, பாதுகாப்புப் போதாது என்று 1024 பிட் சாவிகளையெல்லாம் டெபியன் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. என்னுடையதும் அந்த ரகம். முன்கூட்டியே பலமுறை சொல்லியிருந்தார்கள். அந்த மெயில்களும் அதே ஃபோல்டரில். ஆக, டிசம்பரில் வெள்ளம் என் சாவியைக் கொண்டுபோனபோது அது எந்தப் பூட்டையும் திறக்காத சாவி. சேற்றிலிருந்து அந்தக் கணினியைத் தூக்கி வெளியே வைத்தபோது எனக்கு ஏற்பட்டது வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதி. இனி திரும்பிப் போக வழியே இல்லை, அதனால் போகத் தேவையும் இல்லை.

*

2024 ஏப்ரல் முதல் வாரம், தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஃபோனில் எக்ஸ்-இசட் விவகாரத்தைப் படித்தேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர் லாசே காலின் என்ற ஒரே ஒருவர், ஊதியம் இல்லாமல். 2022-இல் அவர் வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் பொதுவெளியில் நெருக்கினார்கள். தனக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக உதவி செய்துகொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் ஒரு பின்வாசலை ஒளித்து வைத்தார். பரவியிருந்தால் உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் அவரால் நுழைந்திருக்க முடியும். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். தன் டெபியன் கணினியில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

எல்லோரும் ஃபிராய்ண்டைப் பற்றியும் ஜியா டானைப் பற்றியும் பேசினார்கள். நான் நின்ற இடத்தில் காலினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். களைத்துப்போன ஒருவர், தாங்க ஆள் வந்ததே என்று தோளைக் கொடுத்திருக்கிறார். அவர் என்னைவிட நல்லவர். அவராவது யாரிடமோ ஒப்படைத்தார். நான் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தவன். என் நிரலில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லாததால் திருடன் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு என் நிரலின் பக்கத்தைப் பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் திறந்தேன். ‘பராமரிப்பாளர்’ என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அனாதை நிரல்களைப் பொதுவாகப் பார்த்துக்கொள்ளும் குழுவின் பெயர் இருந்தது. மாற்றக் குறிப்பைக் கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர், என் பெயர், என் பெயர். பிறகு 2014-க்கு மேல் யார் யாரோ. ஒருவர் புதிய முறைக்கு ஏற்பச் சேவைக் கோப்பு எழுதியிருந்தார். இன்னொருவர் மொழிபெயர்ப்பைச் சேர்த்திருந்தார். யாருக்கும் இது சொந்த நிரல் இல்லை. வருடத்துக்கொரு முறை வந்து, துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா இல்லை என்று சொன்ன அந்த ‘யாராவது’.

*

அப்போதும் திரும்பவில்லை. ஆகஸ்டில்தான் கை வைத்தேன். ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு வந்திருந்தது. சி மொழியில் ஒரு செயல்கூற்றை அறிவிக்காமலே பயன்படுத்தினால், பழைய கம்பைலர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு வேலையை முடித்துவிடும். புதியது அதைப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். டெபியனில் பழைய நிரல்கள் பல அப்படி உடைந்தன. என்னுடையதும். சரிசெய்யாவிட்டால் அடுத்த பதிப்பில் இடமில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தேன். பிழை வந்த வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 2008-இல் நானே சேர்த்த வரி. அன்றும் எச்சரிக்கை வந்தது. வரட்டும், ஓடுகிறதே என்று விட்டிருந்தேன். மேலே ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். ஒரே வரி. அதை எழுத ஒரு நிமிடம். அதை டெபியன் ஏற்கிற வடிவத்தில் கட்டுவதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நான் பழகிய கருவிகள் பாதி இல்லை. அன்று நாங்கள் வேலை செய்த அலியோத் என்ற தளத்தை 2018-இல் மூடிவிட்டார்கள். இப்போது சல்சா. எல்லாம் கிட். இருபது வயதுப் பையன்கள் சர்வசாதாரணமாகச் செய்வதை நான் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

“காசு தருவாங்களாப்பா?” என்றாள் மகள்.

“தர மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் திட்டிக்கிட்டே பண்றீங்க?”

என் மனைவி கேட்ட கேள்விதான் உறைத்தது. “இவ்ளோ நாள் எங்க போயிருந்தீங்கன்னு கேட்டா என்னங்க சொல்வீங்க?”

யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது வேறு. என் வேலையைப் பார்த்து ஏற்றிவிட முன்வந்த டெபியன் டெவலப்பர் ஒருவர் மெயிலில் நேராகவே எழுதினார்: பழைய பெயர், புதிய மெயில், புதிய சாவி, பதினோரு வருட மௌனம். அந்த ஆள்தான் நீங்கள் என்பதை எப்படி நம்புவது?

முதலில் சுருக்கென்றது. என் நிரல், என் பெயர், நான் யாரென்று நான் நிரூபிக்க வேண்டுமா? ரெண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் கேட்டது முழுக்கச் சரி. அனாதையாகக் கிடக்கும் ஒரு பழைய நிரல். அதுவும் கணினியை அணைக்கிற அதிகாரம் உள்ள நிரல். பணிவாக வந்து ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிற ஒருவன். ஜியா டானும் அப்படித்தான் வந்தான். திருந்தி வந்தவனுக்கும் திருட வந்தவனுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டக்கூடிய ஒரே பொருள் அந்தப் பழைய சாவி. அது அடையாற்று வெள்ளத்தில் போய்விட்டது.

இதற்கு டெபியனில் இருக்கிற வழி ரொம்பப் பழையது. நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். புதிதாக 4096 பிட் சாவி ஒன்றை உருவாக்கினேன். அதன் கைரேகை, அதாவது 40 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரிசை, அதைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் ஒரு டீக்கடைக்குப் போனேன். வந்தவர் சென்னையிலேயே இருக்கிற வேறொரு டெவலப்பர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பாஸ்போர்ட் படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சீட்டில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக நான் வாசிக்க, அவர் தன்னிடம் இருந்த சீட்டில் டிக் அடித்தார். டீ ஆறிவிட்டது.

“கோச்சுக்காதீங்க சார்” என்றார். “இதுவும் நீங்க யாருன்னுதான் சொல்லும். என்ன பண்ணுவீங்கன்னு சொல்லாது.”

“அது எனக்கே தெரியாது தம்பி” என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

*

கடைசியாக அந்த ஃபோல்டர். அதைத் திறக்காமல் திரும்பியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று தெரியும். ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பெரும்பாலானவை காலாவதியான பிழைகள். நடுவில் 2013 பிப்ரவரி தேதியிட்ட ஒரு மெயில். தென்மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி.

அது கடும் மின்வெட்டுக் காலம். சென்னையில் 2 மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. அரசு தந்த இலவச லேப்டாப்பில் இருந்த பாஸ் மூலம் லினக்ஸ் பழகியவர், கல்லூரி லேபில் இருந்த பழைய சர்வரில் என் நிரலை நிறுவியிருக்கிறார். சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி அடாப்டர். யாராவது கால் இடறி அந்த அடாப்டர் கழன்றுவிட்டால், கேபிளில் சைகையே இல்லாததை என் நிரல் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று எடுத்துக்கொண்டு, கரண்ட் இருக்கும்போதே சர்வரை அணைத்துவிடுகிறது. அவர் புகார் சொல்லவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தையும் எழுதி இணைத்திருந்தார். கேபிள் போய்விட்டால் ‘தெரியவில்லை’ என்று எடுத்துக்கொள். சைகை மூன்று முறை தொடர்ந்து வந்தால் மட்டும் அணை. பதினெட்டு வரி. சுத்தமான வேலை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மெயில்: ‘சார், ஏதாவது தவறிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.’ அதன் பிறகு எதுவும் இல்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிழை இன்னும் அப்படியே இருந்தது. நடுவில் வந்து எண்ணெய் விட்ட யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. மெயில் எனக்கு மட்டும்தான் வந்திருந்தது.

அந்த முகவரிக்கு எழுதினேன். மூன்று முறை எழுதி அழித்தேன். அப்பாவின் நோய், வேலை என்றெல்லாம் முதலில் எழுதியிருந்தேன். அனுப்பியதில் அது எதுவும் இல்லை. ‘உங்கள் திருத்தம் சரியானது. நான் பதில் சொல்லாதது என் தவறு. உங்கள் பெயரோடு அதைச் சேர்க்க அனுமதி தர முடியுமா?’ திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் நாள் தமிழில் பதில் வந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். நிரல் எழுதுவதை எப்போதோ விட்டாயிற்று.

“சேத்துக்கோங்க சார். நான் அனுப்புனது தப்பு போலன்னு அப்ப நினைச்சேன். அதுக்கப்புறம் எதுக்கும் எதுவும் அனுப்பல.”

அந்தக் கடைசி வரியில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மௌனத்தால் அவர் வாழ்க்கை மாறிவிட்டது என்று சொல்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. வேலை, குடும்பம், ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வாசல் அவருக்கு மூடியே இருந்தது, அதன் உள்பக்கம் நான் இருந்தேன். பின்வாசல் வழியாகத் திருடன் வருவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். முன்வாசலில் நின்று தட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்களை எந்தச் செய்தியிலும் படித்ததில்லை.

அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்பில் முதல் வரியாக அவர் பெயரையும், திருத்தம் எழுதப்பட்ட தேதியையும் போட்டேன். 2013 பிப்ரவரி. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவந்தது. அதற்குப் பெயர் டிரிக்ஸி, படத்தில் வரும் நீல நிற டைனோசர். அதில் எங்கள் நிரலும் இருக்கிறது. எத்தனை பேர் நிறுவியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டு இலக்க எண். பரவாயில்லை. அத்தனை பேர் வீட்டிலும் கரண்ட் போகும்.

அன்று மாலை ஓசூருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

வெள்ளத்தில் தப்பிய அப்பாவின் நோட்டுகளில் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அவர் எழுதியதைப் போல இப்போது நிரலோடு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, நான் மூன்று வாரம் பதில் சொல்லாவிட்டால் யாரிடம் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. இன்னொரு ஆளையும் துணைப் பராமரிப்பாளராகக் கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் வரவில்லை.

போன வாரம் ஒரு பிழை அறிக்கை வந்தது. எந்த நாட்டிலிருந்து என்று தெரியவில்லை. படித்தேன், புரியவில்லை. அன்றைக்கு நேரமும் இல்லை. உடனே பதில் போட்டேன்: கிடைத்தது, நன்றி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.